வெளியே கொண்டி இல்லாத தெரு

1

"வேகமா நடக்காதடா மாப்ள, முடிச்சு அவுருது" என்றான் மாயாண்டி.

கரோல் பாக் கடைத்தெருவில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அவன் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தான். ஸ்கேன் சென்டரில் கொடுத்த நீல கவுன் என் மேல் இருந்தது. முன்பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாத உடுப்பு. பின்பக்கத்தில்தான் துணியை மிச்சம் பிடித்திருந்தார்கள். இரண்டு நாடாவை நம்பி என் மானம் இருந்தது. அதில் ஒன்றை மாயாண்டி கையில் பிடித்திருந்தான். பார்த்தவர்களுக்கு ஒருவன் இன்னொருவனை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவதுபோல இருந்திருக்கும்.

டெல்லிக்காரர்கள் லேசில் எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஜீன்ஸ் கடைக்காரர் ஒருவர் மட்டும் வாசலில் நின்று, "ஆயியே பையா, பேண்ட் அந்தர் ஹை" என்று கூப்பிட்டார். பேண்ட் உள்ளே இருக்கிறது, வாருங்கள் என்று அர்த்தம். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சில மாதங்களாக என் இடது கை என்னுடையதாக இல்லை. டீ கிளாசைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் முறுக்கு பிழிந்து பிழைக்கிறவன். குழலை அமுக்க இரண்டு கையும் வேண்டும். கழுத்தில் எங்கோ நரம்பு நசுங்குகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் மருந்தா கத்தியா என்று சொல்ல முடியும், இப்படியே விட்டால் கை சூம்பிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மகள் அந்த சென்டரில்தான் பில் போடுகிறாள். அவள் சொல்லி வைத்து இடம் வாங்கினாள். பூங்கொடி என்று பெயர் வைத்தோம். டெல்லி அவளைப் பிங்கி என்று கூப்பிடுகிறது.

ஸ்கேன் அறைக்குள் இரும்பு போகக்கூடாதாம். டெக்னீஷியன் என் அரைஞாண் கயிற்றுத் தாயத்தைக்கூட விடவில்லை. சாவி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுச் சாவி? வீட்டுக்கே சாவி கிடையாது என்றேன். அவர் பிங்கியைப் பார்த்தார். "ஹாங், நஹீ ஹை" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குழாய் மாதிரி இருக்கிற மிஷினுக்குள் தனியாகப் போக எனக்குப் பயம். அதனால் மாயாண்டி துணைக்கு வந்தான். அவன் என் மனைவி பேச்சியின் அண்ணன். அதற்கும் முன்பிருந்தே என் கூட்டாளி. இரும்பில்லாத ஆள் ஒருவர் அறைக்குள் உட்காரலாம் என்றார்கள். பயம் வந்தால் அமுக்கச் சொல்லி என் இடது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்தார்கள். அந்தக் கைக்கு உணர்ச்சியே இல்லையே என்று மாயாண்டி அதைத் தான் வாங்கிக்கொண்டான். அங்கேதான் காரியம் கெட்டது.

நான் படுத்திருந்த பலகை இன்னும் நகரக்கூட இல்லை. வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினார்கள். கனமான கதவு. தொம்மென்று ஒரு சத்தம். மாயாண்டி பந்தை அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான். என்னவோ ஏதோவென்று டெக்னீஷியன் கதவைத் திறந்ததும், நோயாளிக்குத் துணையாக வந்தவன் நோயாளிக்கு முன்னால் வெளியேறினான். அவன் பின்னாலேயே நான்.

2

எங்கள் தெருவைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். அதில் தமிழ் ஆட்கள் இருக்கிற வீடுகளைக் கண்டுபிடிக்கக் கதவின் வெளிப்பக்கம் பார்த்தால் போதும். கொண்டி இருக்காது. கொண்டி இருந்த இடத்தில் ஆணித் துளைகள் இருக்கும். புதுவீட்டுக்குக் குடிபோனால் பால் காய்ச்சுவதற்கு முன்பே நாங்கள் வெளிக்கொண்டியைக் கழற்றிவிடுவோம். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வெளியிலிருந்து பூட்ட மட்டும் வழி கிடையாது.

இந்தியில் கொண்டியைக் குண்டி என்பார்கள். அவர்கள் எங்கள் தெருவுக்கு வைத்த பெயர் 'பினா குண்டி வாலீ கலீ', கொண்டி இல்லாத சந்து. முதல் தடவை கேட்டபோது மாயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கே போய்விட்டான்.

பூட்ட முடியாத வீட்டோடு வாழ்வது ஒரு தனித் தொழில். ஒரு குடும்பம் ஊருக்குப் போனால் இன்னொருவர் வந்து அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் எங்களில் எல்லாரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனதே இல்லை. மாயாண்டியின் மூத்த மகள் கல்யாணம் ஊரில் நடந்தபோது பாதித் தெரு இங்கே அடுத்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் தாலி கட்டுவதைப் பார்த்தது. ஒரு தடவை பட்டப்பகலில் ஒரு திருடன் வந்து கதவைத் தள்ளினான். அது உடனே திறந்துகொண்டதில் அவன் மிரண்டுபோய் ஓடிவிட்டான் என்று எதிர்வீட்டு பையா சொல்கிறார். எனக்கென்னவோ உள்ளே பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டுப் போயிருப்பான் என்றுதான் படுகிறது.

தெருவில் ஒருமுறை வைத்தியமுகாம் போட்டார்கள். எங்கள் ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. பெண்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முகாமுக்கு வந்த டாக்டர் குழம்பிப்போய், ஆண்கள் மட்டும் வேறு குழாயில் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டோம். அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

மாயாண்டி சோறு உண்பதைப் பார்த்தால் யாரோ தட்டைப் பிடுங்க வருவதுபோல இருக்கும். கடைசி வீட்டுக்காரனுக்குக் காய்கிற எண்ணெய் வாடை ஆகாது. அவன் மனைவி கல்யாணம் ஆனதிலிருந்து ஓர் அப்பளம் பொரித்ததில்லை. இன்னொருவன் தங்கமான மனுஷன், ஆனால் அவன் பிள்ளைகள் கையிலிருந்து எதுவும் விழுந்து உடையக்கூடாது. உடைந்தால் அவன் வேறு ஆளாகிவிடுவான். ஒருவன் குடித்தே போய்ச்சேர்ந்தான். நான்? நான் வேலையை விடுகிறவன். டெல்லியில் நான் செய்யாத வேலை குறைவு. எங்கே ஷட்டரை இறக்கினாலும் மறுநாள் அங்கே போக மாட்டேன். அதனால் பெரும்பாலும் தள்ளுவண்டியோடு சரி. பேச்சி கேட்பாள்: "ஏய்யா, ஒனக்கு வேல புடிக்கலையா, கதவு புடிக்கலையா?"

மெட்ரோவோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. திறக்கும்போதும் சொல்கிறது, மூடும்போதும் சொல்கிறது, எந்தப் பக்கம் என்றும் சொல்கிறது. அந்த அளவு நாகரிகம் மனிதர்களிடம் இல்லை.

பிங்கி வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக ஒரு கொண்டியும் பூட்டும் வாங்கி வந்து அவளே முடுக்கினாள். "அப்பா, எல்லா வீட்லயும் தாலா இருக்கு. நாம ஜங்லி மாதிரி" என்றாள். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் கழற்றிப் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் ஒரு வாரம் என்னோடு இந்தியில் மட்டும் பேசினாள்.

3

நாங்கள் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போலச் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தேன்; இந்தமுறை அதற்குக் கவுன்தான் காரணம். பிங்கி எங்களைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவே இல்லை. நீல கவுன் எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டால் கடைத்தெருவே கை காட்டியிருக்கிறது. என் சட்டையும் பேண்டும் ஒரு பையில் அவள் கையில் இருந்தன.

"அப்பா, யே க்யா ஹை? கவுன் என் பேர்ல எழுதிருக்கு!"

"குடுத்துர்றேன்மா. மொதல்ல பேண்ட்டக் குடு."

"நஹீ. மொதல்ல ஏன் ஓடினீங்கன்னு போலுங்க." போலுங்க என்றால் சொல்லுங்க; அவள் தமிழில் பாதி இந்தி. பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "மாமா, நீங்க துணைக்குப் போனவங்க. நீங்க ஏன் ஓடினீங்க?"

"நான் எங்க தாயி ஓடுனேன்? கதவு தொறந்துச்சு. வந்தேன்."

"அப்பாக்குக் கை போயிடும் மாமா. டாக்டர் சொன்னது சுனாயீ இல்லயா?"

மாயாண்டி என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். பிறகு அவன்தான் சொன்னான். அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியாத தமிழ். புரியாத இடத்தில் நான் இந்தியில் சொன்னேன். அந்தக் கதையை இந்தியில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பையன்களை முறுக்கு போட வடக்கே கூட்டிப்போவார்கள். வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டால் பையன் கிளம்ப வேண்டியதுதான். நான் நான்காம் வகுப்பு. மாயாண்டி ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். குஜராத் பக்கம் ஓர் ஊரில், முன்னால் ஷட்டர் போட்ட ஒரு கூடம். எங்கள் தெரு ஆம்பளைகள் எல்லாரும் அங்கே இருந்தவர்கள்தான். முதலாளி அயலார் இல்லை, எனக்குச் சித்தப்பா முறை. அவரும் சிறுவயதில் இன்னொருவரிடம் முறுக்கு பிழிந்து வளர்ந்தவர்தான். தொழிலையும் அங்கே கற்றார், அடிக்கவும் அங்கேயே கற்றார்.

"சோறு நல்லாப் போடுவாரு தாயி" என்றான் மாயாண்டி. "ஒடஞ்ச முறுக்கு வேற."

"ஒடச்சதுக்கு அடியும் வேற" என்றேன்.

சின்னப் பையன்களை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆபீசர் வருகிறார் என்று அவ்வப்போது தகவல் வரும். உடனே எங்களை உள்ளே வைத்தே ஷட்டரை இறக்கி, வெளியில் பூட்டு போட்டுவிட்டு, சித்தப்பா எதிரில் நின்று டீ குடிப்பார். ஆபீசர் பூட்டைப் பார்ப்பார், கடை மூடியிருக்கிறது என்று எழுதிக்கொள்வார். அவர் எழுதியதில் பொய்யில்லை. சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் வேலை. எங்களுக்கு அது லீவு மாதிரி. ஆபீசர் அடிக்கடி வரமாட்டாரா என்றுகூட நினைத்திருக்கிறோம். ஒரு நாள் மத்தியானம் அடுப்பை அணைக்க மறந்து பூட்டிவிட்டார்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. ஆபீசர் வெளியே நிற்கிறார். கத்தினால் சித்தப்பா மாட்டிக்கொள்வார். அதனால் நாங்கள் கத்தவில்லை. நனைந்த சாக்குகளை எடுத்துப் போட்டோம். புகை தாங்க முடியாமல், ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஆளுக்கொரு மூக்கை வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்தோம். வெளியே கால்கள் தெரிந்தன. சித்தப்பாவின் செருப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அதால் அடி வாங்கியிருக்கிறேன். அந்தச் செருப்பு நகரவில்லை. இது என்ன புகை என்று ஆபீசர் கேட்டார். பின்னால் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் ஸாப் என்றார் சித்தப்பா. ஆபீசர் போகிறவரை பூட்டு திறக்கவில்லை.

யாரும் சாகவில்லை. மறுநாள் முறுக்கு பிழிந்தோம். புகை ஏறிய மாவை வீணாக்குவானேன் என்று அதையும் பிழியச் சொன்னார். அது தனி ருசியாக இருந்ததாம், சீக்கிரம் விற்றுப்போயிற்று.

பிங்கி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கத்தவே இல்லயா?"

"ஆபீசர் இருந்தாருல்ல" என்றான் மாயாண்டி. இந்த வயதிலும் அவனுக்கு அது போதுமான காரணமாகத்தான் தெரிந்தது.

"வெளியே நின்னவங்க... நம்ம ஆளா?"

"நம்ம ஆளுதான். சாவி அவரு பையிலதான் இருந்துச்சு."

அவள் மாயாண்டி பக்கம் திரும்பினாள். "ஸ்கூல்ல ஆக்ரா டூர் போனப்போ என்னை மட்டும் விடலயே. இதனாலயா?"

"பஸ்ஸுல கதவ மூடிருவாய்ங்கள்ல தாயி."

"நான் எத்தனை அழுதேன் தெரியுமா மாமா?" என்று பையால் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "பஸ்ல மூடினா டிரைவரும் உள்ளேதானே இருப்பான்!"

மாயாண்டி யோசித்தான். "அத அன்னைக்கே நீ சொல்லிருக்கலாம்ல" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு எழுந்தாள். "சலோ. அந்த ஸ்கேன் கதவுல லாக்கே கிடையாது. வெளியே குண்டி இல்ல."

"பொய் சொல்லாத."

"வந்து தேக்குங்க, பாருங்க."

4

மாயாண்டி அந்தக் கதவைச் சோதித்ததைப்போல எந்த இன்ஜினீயரும் சோதித்திருக்க மாட்டார். வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தடவினான். நிலையில் கை வைத்துப் பார்த்தான். சாத்தினான், திறந்தான், என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு திரும்பவும் திறந்தான். டெக்னீஷியன் "அங்கிள்ஜி, ஹோ கயா?", முடிந்ததா முடிந்ததா என்று கேட்டபடியே இருந்தார்.

"மாப்ள, கொண்டி இல்லடா" என்றான் கடைசியில். "ஆணி ஓட்டகூட இல்ல. பொறந்ததுலருந்தே இல்ல."

ஏற்பாட்டைப் பிங்கி செய்தாள். இந்தமுறை அறைக்குள் துணை கிடையாது. மாமா வெளியே, கதவுக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நிற்பார். பிங்கி கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் மைக்கோடு உட்காருவாள். ரப்பர் பந்து வலது கையில். யோசித்துப் பார்த்தால் எங்கள் தெரு வழக்கம்தான்: ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் கவனித்துக்கொள்வது. ஆனால் வெளியே நிற்கிற ஆளை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்பது இத்தனை வருஷமாக எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

கதவு தொம்மென்றது. பலகை உள்ளே போனது. மூஞ்சிக்கு நேரே வெள்ளைக் கூரை. கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் மூக்கு தானாகக் கீழே ஷட்டர் இடுக்கைத் தேடியது. ஆடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இதயம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, அதை யாராலும் கட்டிப்போட முடியாது. பந்தை அமுக்கலாம் என்று விரலை மடக்கினேன்.

"அப்பா" என்றது ஸ்பீக்கர். "நான் வெளியே இருக்கேன். கதவு பந்த் ஹை. ஆனா கதவு மாமா மேல இருக்கு."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"சாரி. மாமா கை கதவு மேல இருக்கு."

சிரித்தால் படம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். விரல் தளர்ந்தது. மிஷின் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. அது ஓய்கிற போதெல்லாம் அவள் பேசினாள். பேச விஷயம் தீர்ந்ததும் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று வரிசையாகச் சொன்னாள். நமது பச்சை. மாமாவுடையது நீலம், கீழே துரு. கடைசி வீட்டில் கதவுக்குப் பதில் பிளைவுட். தமிழில் நிறங்களின் பெயர் தெரியாதபோது இந்தியில் சொன்னாள். பாதித் தெரு தாண்டுவதற்குள் ஹோ கயா என்றுவிட்டார்கள்.

ஆனால் கதவு திறக்கவில்லை. டெக்னீஷியன் இழுக்கிறார், வரவில்லை. மாயாண்டி கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கதவிலேயே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அவனை நகர்த்தி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சட்டை முழுக்க வேர்வை. உள்ளே போய் வந்தவன் நான்.

சாயங்காலமே டாக்டர் படத்தைப் பார்த்தார். கத்தி வேண்டாம், கை போகாது, பயிற்சி செய்தால் மெல்லத் திரும்பும் என்றார். ஆனால் இனிமேல் பிழிகிற வேலையும் தூக்குகிற வேலையும் கூடாது. எப்போதிலிருந்து இந்த வேலை என்று கேட்டார். நான்காம் வகுப்பிலிருந்து என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தவர் பிங்கியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். தூக்கம், கொதிப்பு, கோபம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எங்கள் தெரு ஆம்பளைகள் கதையைப் பிங்கி சொன்னாள். சின்ன வயதில் படுவது உடம்பிலேயே தங்கிவிடும், அதற்கும் வைத்தியம் உண்டு, மற்றவர்களையும் கூட்டி வாருங்கள் என்றார்.

"அப்படின்னா டாக்டர்ஜி, இந்தத் தொப்பையும் அங்கேயிருந்து வந்ததுதானா?" என்று என் வயிற்றைக் காட்டினேன்.

"அது டெல்லியில் வந்தது" என்றார்.

தெருவில் இப்போது அதுதான் பேச்சு. போகலாம் என்று பெண்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆம்பளைகள், அவருடைய அறைக்குக் கதவு எப்படி என்று மாயாண்டியிடம் விசாரிக்கிறார்கள்.

அன்று வீடு திரும்பும்போது பிங்கி கேட்டாள்: "அப்போ நான் இனிமே தாலா வாங்கலாமா?"

"கூடாது" என்றேன்.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்: இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருந்தால் விட்டிருப்பேன்.

5

"பிழியக் கூடாதுன்னா என்ன செய்யப்போற?" என்று காலையில் பேச்சி கேட்டாள். அவள் லக்ஷ்மிபாய் நகரில் ஓய்வுபெற்ற தமிழ் ஆபீசர் ஒருவர் வீட்டில் சமைக்கிறாள். அவர்கள் படித்து முடித்த பத்திரிகைகளை எனக்குக் கொண்டுவந்து தருவாள். நான் எழுதப் படிக்கக் கற்றதில் பாதி முறுக்கு மடித்த காகிதத்தில், மீதி அந்தப் பத்திரிகைகளில். "ஒக்காந்து வாசிக்கிற வேல எதும் இருந்தாச் சொல்லு" என்றேன். கரண்டியைத் தேடினாள். கிளம்பிவிட்டேன்.

கைப் பயிற்சிக்காகக் கரோல் பாக் போனேன். ஜீன்ஸ் கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "அரே, கவுன் வாலே பையா! பேண்ட் மில் கயா?" கிடைத்துவிட்டது என்று காலைத் தூக்கிக் காட்டினேன். என்ன ஏது என்று கேட்டார். கை விஷயத்தைச் சொன்னேன். என் மீசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பக்கத்துச் சேலைக்கடையில் வாசலில் நிற்க மீசை வைத்த ஆள் தேடுகிறார்கள் என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

சேலைக்கடை லாலாஜி குறைவாகப் பேசுகிறவர். என்ன தெரியும் என்றார். கதவைத் திறப்பேன் என்றேன்.

"மூடவும் வேணும். ஏசி ஓடுது."

கதவைப் பார்த்தேன். முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். மூடுகிறேன் என்றேன்.

அதன் மேலே ஷட்டர் சுருண்டு கிடந்தது. அதையும் பார்த்தேன். வழக்கமாக அந்த இடத்தில்தான் நான் திரும்பி நடப்பேன். இந்தமுறை ஒரு நிபந்தனை சொன்னேன். கடை சாத்தும்போது, ஷட்டரை இறக்குமுன் நான் உள்ளே போய்க் குரல் கொடுத்துவிட்டு வருவேன். மாடி, குடோன், பாத்ரூம், எல்லா இடத்திலும். யாரும் இல்லை என்று நான் வந்து சொன்ன பிறகுதான் ஷட்டர்.

லாலாஜி ஜீன்ஸ் கடைக்காரரைப் பார்த்தார். அவர், கவுன் போட்டுக்கொண்டு ஓடினவர் அப்படித்தான் இருப்பார் என்பதுபோலக் கையை விரித்தார். "டீக் ஹை" என்று சம்மதித்தார் லாலாஜி.

சிவப்புத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவனுக்குத் தலை பெரிது போலும், அது காதுவரை இறங்கியது. வாசலில் போய் நின்றேன். முதலில் வந்த அம்மாவுக்கு வலது கையால் திறந்தேன். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. அவர்களுக்கு இடது கையை நீட்டினேன். கைப்பிடியைப் பிடித்தேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிடித்திருந்தது. கதவும் திறந்தது.